கரையில் நிற்க ஆள் வேண்டும்

ஜனவரி 3, வெள்ளி

ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடாரத்தின் மேல், அதாவது மலேசியாவின் இன்றைய கெடாவின் மேல், வந்தது 1025-இல். இது 2025. ஆயிரம் ஆண்டு நிறைகிற வருடத்தில் கடாரத்தை வைத்து ஒரு கதையாட்டம் நடத்துவது என்று போன தீபாவளிக்கே முடிவு செய்திருந்தேன். வரைபடம் தயார். ஊரின் சந்தை, உலைக்களங்கள், ஆற்றுத்துறை, எல்லாவற்றுக்கும் மேலே ஜெராய் மலை, எல்லாம் தயார். ஆட்கள்தான் இல்லை.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு மேசையைச் சுற்றி, அல்லது இப்போதெல்லாம் ஆளுக்கொரு ஊரில் கணினி முன் உட்கார்ந்து, நாலைந்து பேர் வாய்ப்பேச்சாகவே ஒரு கதையை நடத்துவார்கள். ஒருவர் கதை நடத்துபவர். உலகம், வானிலை, வழிப்போக்கர்கள், எதிரிகள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாத்திரம். என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் பகடை உருளும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்த புத்தகம். பிள்ளைகள் 'டிஎன்டி' என்று சொல்வது அதைத்தான்.

ஆடத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். நான் தேடுவது பாத்திரத்துக்குள் குடியிருக்கத் தெரிந்தவர்களை. வாள் எத்தனை புள்ளி என்று கணக்குப் பார்ப்பவர் எனக்கு வேண்டாம். வாளை எடுக்க வேண்டிய நேரத்தில் கை நடுங்குகிறவர் வேண்டும். மூன்று வாரம் வந்துவிட்டுக் காணாமல் போகாதவராகவும் இருக்க வேண்டும்.

இன்று மாலை பழைய பள்ளித் தோழர்கள், கோயில் இளைஞர்கள், வாசகர் வட்டம் என்று தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன்: "வாரம் ஒரு இரவு, இணையத்தில், தமிழில் ஒரு கதையாட்டம். இடம் பழைய கடாரம். சண்டை குறைவு, பேச்சு அதிகம். விதிகள் தெரிய வேண்டாம். மற்றவர் பேசும்போது காது கொடுக்கத் தெரிந்தால் போதும். ஐந்து பேர் வேண்டும்."

ஜனவரி 11, சனி

பதில்கள் வருகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோழர் படைத்தலைவனாக வேண்டும். ஒரு தம்பி தன் கப்பலுக்குப் பெயரே வைத்து அனுப்பிவிட்டான்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டு அலமாரியிலும் அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' இருந்தது, அட்டை கிழிந்து, தையல் போட்டு. சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகமும் பெரியப்பா வீட்டிலிருந்து இரவல் வந்து, திரும்பிப் போகவே இல்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு, நம் ஆட்கள் ஒரு காலத்தில் இந்தக் கடலைக் கலக்கினார்கள் என்பது எவ்வளவு பெரிய தெம்பு! பால்வாளியைத் தூக்கியவனின் மகனுக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. எனக்கும் தேவைப்பட்டது.

ஆனால் கடாரத்தைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தே பழகிவிட்டோம். பிறந்து வளர்ந்ததோ கரையில். பீடோங்கிலும் செமிலிங்கிலும் மெர்போக்கிலும் நாம் மிதிக்கிற மண் அந்தக் கரையின் மண். கப்பல்கள் வருவதற்கு முந்தைய மாதங்களில் இங்கே அரிசி விலை என்ன, யார் யாருக்குக் கடன், எந்த வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது? என் ஆட்டம் அங்கேதான் நடக்கப்போகிறது. படைத்தலைவனுக்கு அதில் இடமில்லை.

இப்படி யோசிக்கும்போது டேவிட் வெஸ்லி நினைவுக்கு வருகிறார். 1969-இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் பக்கம், பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் ஆடும் ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்காக வெஸ்லி ஒரு புது ஆட்டம் அமைத்தார். நெப்போலியன் காலம், பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊர், படைகள் நெருங்கிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆட வந்தவர்களுக்கு அவர் படையைக் கொடுக்கவில்லை. ஒருவரை ஊர்த் தலைவராக்கினார், ஒருவரை வங்கிக்காரராக்கினார், ஒருவரைப் பல்கலைக்கழகத்துத் தலைவராக்கினார். அவர்கள் மேசையை விட்டு எழுந்து, மூலைக்கு மூலை நின்று இரகசியம் பேசவும் பேரம் பேசவும் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் கைமீறிப்போயிற்று, தோற்றுவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னசன். ஐந்து ஆண்டில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது.

படை வருகிற ஊரில் படைக்காரன் அல்லாதவனாக இருப்பது. இந்தக் கலை பிறந்ததே அங்கேதான். கடாரத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்?

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்தது. நாள் குறிப்பதில்தான் தலைவலி.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சனியும் ஞாயிறும். சனி இரவு வைத்தால் இங்குள்ள ஆசிரியர்கள் ஞாயிறு விடியலில் பள்ளிக்கு ஓட வேண்டும். வியாழன் இரவு வைத்தால் கோலாலம்பூர்க்காரர்களுக்கு மறுநாள் வேலை. வெள்ளி இரவு இரண்டு பக்கமும் ஒத்துவருகிறது. ஆனால் வெள்ளிக்கிழமை கோயில் பூசை இருக்கிறது. முடிந்து வீடு திரும்பிச் சாப்பிட்டால் ஒன்பது மணி. ஆகவே வெள்ளி ஒன்பதரை என்று வைத்தேன்.

அது கூலிமிலிருந்து பதில் அனுப்பிய ஒரு தம்பிக்கு ஒத்துவராது. ஹைடெக் பார்க்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பகல் சில நாள், இரவு சில நாள், ஓய்வு நாள் வாரந்தோறும் மாறும். "அக்கா, எனக்கு ரொம்ப ஆசை. ஆனா எல்லா வெள்ளியும் வர முடியாது, என்னை விட்டுருங்க" என்றான்.

விட மனமில்லை. பேசிய பத்து நிமிடத்தில் அவன் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கடாரத்துல மழை பெஞ்சா உலை அணைஞ்சிடுமா?" இப்படிக் கேட்கிறவனை நாள் ஒத்துவரவில்லை என்பதற்காக இழக்க முடியுமா? இரவு முழுக்க யோசித்தேன். கடாரம் துறைமுகம். கப்பல்கள் காற்றை நம்பி வந்து காற்றை நம்பிப் போகும். தென்மேற்குப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையிலிருந்து வருவார்கள், வடகிழக்குக் காற்றில் திரும்புவார்கள், இடைப்பட்ட மாதங்களில் காத்திருப்பார்கள். அவன் மாலுமி. ஷிப்ட் உள்ள வெள்ளியில் அவன் படகு கடலோரம் சரக்கு ஏற்றப் போயிருக்கும், ஓய்வு வெள்ளியில் துறைக்குத் திரும்பும். ஒவ்வொரு முறையும் வெளியூர்ச் செய்தி ஒன்றைக் கொண்டுவருவது அவன் பொறுப்பு. ஊருக்குள் இருப்பவர்களுக்குச் செய்தி வருகிற வழி அவன் மட்டும்தான்.

காலையில் சொன்னேன். "அப்ப நான் வரலைன்னா அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களா அக்கா?" என்றான். ஆமாம் என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

இந்த வாரம் முழுக்கத் தொலைபேசிதான். வருகிறேன் என்ற ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசினேன். எல்லோரிடமும் ஒரே கேள்வி: உங்கள் பாத்திரம் இந்த ஊரில் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது?

அனாதை, ஊர் ஊராகத் திரியும் வீரன், யாரையும் நம்பாதவன் என்று சொல்கிறவர்கள் அதிகம். அந்த வகைப் பாத்திரத்துக்கு மற்றவர் தேவையே இல்லை. மேசையில் ஐந்து பேர் அப்படி உட்கார்ந்தால் ஐந்து தனிக்கதைகள் வரிசையில் நிற்கும். சொந்தமும் பந்தமும் கடனும் பகையும் இருந்தால்தான் பேச்சு பிறக்கும்.

பாடாங் செராய் பக்கம் ஓய்வுபெற்ற டிரஸர் ஒருவர் இருக்கிறார். தோட்ட மருத்துவமனையில் ஆயுள் முழுக்கக் காயம் கட்டியவர், எழுபதை நெருங்குகிறார். பேத்தி என் செய்தியைப் படித்துக் காட்டினாளாம், தானே கூப்பிட்டார். பகடை உருட்டியதில்லை, டிராகன் என்றால் சீனப் புத்தாண்டில் ஆடுவது என்றுதான் தெரியும்.

"ஐயா, வைத்தியரா வர்றீங்களா?"

"மருந்து கொடுத்தது போதும்மா. உலைக்குத் துருத்தி ஊதுறவனா போடு."

"அவன் யாருக்குக் கடன்பட்டிருக்கான்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "அவனுக்கு ஒரு தம்பி. போன காத்துல நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினான். கூலிக்கு இவன்தான் கடன் வாங்கிக் கொடுத்தான். தம்பி திரும்பல. கடனும் தீரல."

"யார்கிட்ட வாங்கினான்?"

"அத வேற யாராவது சொல்லட்டும். எல்லாத்தையும் நானே சொல்லிட்டா மத்தவங்க எதுக்கு?"

இந்த ஆட்டத்தைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கதையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, மற்றவருக்கு நாற்காலி போட்டுவிட்டார். பீடோங் தமிழ்ப்பள்ளி ஆசிரியை அக்காவிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவர் சுங்கை மாஸில் மணி கோக்கும் பெண்ணாக வருகிறார். "கடன் கொடுத்தது நான்தான். வட்டி கேக்க மாட்டேன், அசலையும் மறக்க மாட்டேன்" என்றார்.

பிப்ரவரி 8, சனி

மூன்று பேர் மெர்போக் போய்வந்தோம்: டிரஸர் ஐயா, ஆசிரியை அக்கா, நான். இணையத்தில் ஆடப்போகிறவர்கள் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் கதை நடக்கிற ஊரே அருகில் இருக்கும்போது பார்க்காமல் விடுவானேன்?

புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம் ஓடைக்கரையில் இருக்கிறது. 1930-களில் குவாரிச் வேல்ஸ் என்ற தொல்லியலாளர் தோண்டி ஆராய்ந்த இடங்களில் ஒன்று, 1960 வாக்கில் கற்களை அடுக்கி மீட்டமைத்தார்கள். படிகள், தூண் நின்ற இடங்கள். கூரை இல்லை, அது மரமாகவோ ஓலையாகவோ இருந்து மக்கியிருக்க வேண்டும். பக்கத்திலேயே அருங்காட்சியகம்.

சுங்கை பத்துவில்தான் ஐயா நின்றுவிட்டார். அங்கே கண்டெடுத்தவை பெரும்பாலும் இரும்பு உருக்கிய உலைக்களங்களின் மிச்சங்கள். காற்றை உலைக்குள் செலுத்தும் சுட்ட மண் குழல்கள் உடைந்து உடைந்து, கைப்பிடி கனத்தில், குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. எவ்வளவு பழமை என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் நடக்கிறது. ஐயாவுக்குக் காலம் முக்கியமில்லை. குழலின் வாய் அளவைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத நாள் பூரா ஊதினவன் நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? பேச்சு முழுசா வராதும்மா. ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குவான்" என்றார். ஒரு பாத்திரத்தின் குரல் என் கண்ணெதிரே பிறந்தது அங்கேதான்.

திரும்பும் வழியில், இந்த வட்டாரத்துப் பழங்கோயில்களில் பதினோராம் எண் கோயிலைப் பற்றிச் சொன்னேன். 2013-இல் வீடு கட்டுவதற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது அதை இடித்துவிட்டார்கள். செய்தி வெளியே வந்தபோது நாடே கொதித்தது. அக்கா அதன்பின் வண்டியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்கள் மூவருமே துண்டாடப்பட்ட தோட்டங்களின், விற்கப்பட்ட தோட்டங்களின் பிள்ளைகள். லயம் இருந்த இடத்தில் இப்போது தாமான் என்ற வீடமைப்பு. ஊர் தரைமட்டமாவது எங்களுக்குப் புத்தகச் செய்தி இல்லை.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் சேர்த்தவை இரண்டு. ஒன்று, 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்த வட்டாரத்தில் கண்டெடுத்த கல்வெட்டு: புத்தகுப்தன் என்ற பெருங்கப்பல் தலைவன் பயணம் நலமாக முடிய வேண்டி வைத்தது, இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் மாலுமித் தம்பி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்தக் கல்லைத் தொட்டுவிட்டுப் போவான். இன்னொன்று, 1006-ஐ ஒட்டி நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செய்தி. அந்தச் செப்பேடு நெதர்லாந்தின் லெய்டன் வரை போய்ச் சேர்ந்தது. அப்பன் விகாரத்துக்கு ஊர் கொடுத்தான். இருபது ஆண்டுக்குள் மகன் படை அனுப்பினான். அந்த இருபது ஆண்டில் வளர்ந்த பிள்ளைகள்தான் என் பாத்திரங்கள். அவர்களுக்கு நாகப்பட்டினம் எதிரி ஊர் இல்லை. மாமன் மச்சான் இருக்கிற ஊர்.

பிப்ரவரி 14, வெள்ளி

தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள். காவடி எடுத்த களைப்போடு கூலிம் தம்பியும் வந்துவிட்டான். இன்று ஆட்டம் இல்லை, ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு. எது வேண்டும், எது வேண்டாம் என்று உட்கார்ந்து பேசுவது.

ஐந்து பேரும் சேர்ந்துவிட்டார்கள். அலோர் ஸ்டாரில் நாசி கண்டார் கடை வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி நாகப்பட்டினத்து வணிகனாக வருகிறான். லுனாஸில் பிறந்து கோலாலம்பூரில் கணக்காளராக இருக்கும் தங்கை அரண்மனையில் மொழிபெயர்ப்பவள். அரண்மனைக்கு வந்திருக்கும் ஓர் ஓலையின் முழுப் பொருளும் ஊரில் அவளுக்கு மட்டுமே தெரியும்.

ரான் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆட்ட ஆசிரியர் வகுத்துத் தந்த முறை ஒன்று உண்டு. சில விஷயங்கள் கதைக்குள் வரவே கூடாது என்று கோடு போடுவது. சில விஷயங்கள் நடக்கலாம், ஆனால் காட்டாமல் திரை போட்டுவிடுவது. அறிமுகமில்லாதவர்கள் இரவில் காதோடு காது பேசும் ஆட்டத்தில் இது இல்லாமல் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆசிரியை அக்கா, குழந்தைகளை அடிப்பது வேண்டாம் என்றார். கோடு. லுனாஸ் தங்கை, குடித்துச் சாவது வேண்டாம் என்றாள். 1981-இல் லுனாஸில் விஷச் சாராயம் குடித்துப் பலர் மாண்டார்கள், அவள் வீட்டிலும் அந்தக் கதை உண்டு. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இங்கே கேட்கவும் வேண்டாம். உலகப் போர் முடிந்த கையோடு பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் தொண்டர் படை கள்ளுக்கடையை எதிர்த்து நின்றது ஏன் என்று இங்குள்ள எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்லும். கோடு.

வருகை பற்றி நான் கேட்டது ஒன்றுதான். வர முடியாத வாரம் வியாழக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், உங்கள் பாத்திரம் எங்கே போயிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 'வரல' என்று அனுப்பிவிட்டுப் போவதற்கும், 'அவள் ஆற்றின் மேலே களிமண் எடுக்கப் போயிருக்கிறாள்' என்று சொல்வதற்கும் நிறைய தூரம்.

மார்ச் 7, வெள்ளி

நோன்பு மாதம். அலோர் ஸ்டார் தம்பிக்குத் தராவீஹ் தொழுகை முடிய வேண்டும், கடையில் கூட்டம் குறைய வேண்டும். ஆகவே இந்த மாதம் முழுக்கப் பத்தரைக்குத் தொடக்கம். யாரும் முணுமுணுக்கவில்லை.

கடந்த வாரமே ஆட்டம் தொடங்கிவிட்டது. விதிகளைக் குறைவாகவே வைத்திருக்கிறேன். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010-இல் வெளியிட்ட 'அபோகாலிப்ஸ் வேர்ல்டு' என்ற ஆட்டத்தின் வழி: இரண்டு ஆறுமுகப் பகடை. பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். ஆறும் அதற்குக் கீழும் என்றால் கதை உங்கள் மேல் திரும்பும். இரண்டு பகடையும் விழக்கூடிய வகை மொத்தம் 36. அதில் பத்தும் அதற்கு மேலும் 6 தான். நடுத்தரத்துக்கு 15, கீழ்த்தரத்துக்கு 15. அந்த நடுத்தரப் பதினைந்தில்தான் உயிர் இருக்கிறது. விலை என்ன என்று கேட்கும்போதுதான் பாத்திரம் யாரென்று தெரிகிறது. வென்றான், தோற்றான் என்பதிலிருந்து அது தெரிவதில்லை.

எங்கள் கடாரத்தில் ஒரு மாயம் உண்டு. உலை மூட்டுகிறவன் ஒரு நினைவை நெருப்புக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் இரும்பு நன்றாக இளகும். எந்த நினைவு என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். கொடுத்த நினைவு திரும்பாது.

இன்று ஐயா உருட்டினார், எட்டு விழுந்தது. "இரும்பு வரும் ஐயா. ஆனா நெருப்பு பெரிய நினைவா கேக்குது" என்றேன். இணைப்பில் எல்லோரும் இருந்தோம். அந்த மூச்சு வாங்கும் குரலில், இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சாகச் சொன்னார்: "என் தம்பி... கப்பலேறின... அந்தக் காலை. அத எடுத்துக்கோ."

வணிகத் தம்பி தானாகவே "வேணாம், வேணாம் அண்ணே" என்று கத்திவிட்டான், பாத்திரத்தின் குரலில். அலோர் ஸ்டாரில் அவன் உம்மா கதவைத் தட்டி என்னவென்று கேட்டது எங்களுக்கும் கேட்டது.

பகடை உருண்டது அந்த ஒருமுறைதான். மீதி நேரம் முழுக்க ஆசிரியை அக்காவும் வணிகத் தம்பியும் மணிக்கு அரிசி என்று பேரம் பேசினார்கள். அலுக்கவே இல்லை.

மார்ச் 21, வெள்ளி

ஒரு கல்லூரித் தம்பி பார்வையாளனாக இரண்டு இரவு வந்தான். கெட்டிக்காரன். எதிரி எப்போது வருவான் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தான். சண்டையில் தந்திரம் வகுப்பதும் ஒரு ரசனை, அதற்கென்றே மேசைகள் இருக்கின்றன. பினாங்கில் வாரந்தோறும் கூடும் ஒரு கூட்டத்தை அவனுக்குக் காட்டினேன். இன்று செய்தி அனுப்பியிருக்கிறான், அங்கே மகிழ்ச்சியாக இருக்கிறானாம். ஆட்டத்தைத் தேடுபவனை அவனுக்குரிய மேசையில் சேர்ப்பதும் கதை நடத்துபவரின் வேலையில் பாதி என்று நினைக்கிறேன். ஒத்துவராதவரை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் வாடுவது எதற்கு?

இன்று மாலை முன்காவும் ஸெடெக் சியூவும் செய்த 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' சிறுநூல்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இருவரும் நம் நாட்டுக்காரர்கள். ஒருவர் வரைய, ஒருவர் எழுத, தென்கிழக்காசியாவின் ஆறும் முதலையும் சந்தையும் தெய்வமுமாக ஒரு மாய உலகம். கோட்டையும் குதிரைவீரனும் இல்லாமல் இந்த வகை ஆட்டம் நடக்கும் என்று எனக்கு முதலில் காட்டியது அந்த நூல்கள்தான். அதில் வரும் சிறு வியாபாரிக்குக்கூட ஓர் ஆசையும் ஒரு பயமும் இருக்கும். தமிழில் இப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கூத்தும் நாடகமும் தோட்டந்தோறும் விடிய விடிய நடந்த சமூகம் நம்முடையது. ஆசிரியை அக்காவின் தாத்தா கோயில் திருவிழாவில் சந்திரமதி வேடம் கட்டுவாராம். விடியலில் தோட்டத்தில் ஆளெண்ணும் பெரட்டுக்கு வந்து நிற்கும்போது மேற்பார்க்கும் மண்டோர்கூட அவரைச் 'சந்திரமதி' என்றுதான் கூப்பிடுவாராம், வருடம் முழுக்க. அக்காவுக்கு மணி கோப்பவளின் குரல் எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியதில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பங்குனி உத்திரம். ஆட்டம் இல்லை என்று போன வாரமே சொல்லியாயிற்று.

ஆனால் குழு ஓயவில்லை. அலோர் ஸ்டார் தம்பி கடையில் நின்றபடியே குரல் பதிவு அனுப்பியிருக்கிறான், பின்னால் தட்டுச் சத்தத்தோடு. நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஆள் இரும்புக் கட்டி கேட்கிறான், எப்போதும் வாங்குவதைவிடப் பல மடங்கு, விலையும் கூட. விற்கலாமா என்று ஊரைக் கேட்கிறான். லுனாஸ் தங்கை கோலாலம்பூர் ரயிலில் இருந்து எழுதுகிறாள்: மொழிபெயர்ப்பவளுக்கு அந்த இரும்பு எதற்கென்று தெரியும், சொன்னால் அரண்மனையில் தலை போகும். கூலிம் தம்பி இரவு ஷிப்டின் ஓய்வு நேரத்தில் இரண்டு வரி: தெற்கே ஒரு தீவில் அந்நியப் படகுகள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன், காற்று திரும்பியதும் வந்து சொல்கிறேன்.

நான் யாருக்கும் எதையும் நினைவூட்டவில்லை. ஒருவர் கேட்டது இன்னொருவரிடம் பதிலில்லாமல் நிற்கிறது, அதனால் வருகிறார்கள். ஆள் தேடித் திரிந்த ஜனவரியில், ஊக்கம் உள்ளவர்களைப் பிடித்தால் நிலைப்பார்கள் என்று பலர் எனக்கு அறிவுரை சொன்னார்கள். ஊக்கம் வேறு வேலை வந்தால் கரைந்துவிடும். தன் பதிலுக்காக இன்னொருவர் காத்திருக்கிறார் என்பது அப்படிக் கரைவதில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

ஐந்து பேரும் இருந்த இரவு. கூலிம் தம்பிக்கும் ஓய்வு நாள்.

இரும்பை விற்பதா வேண்டாமா என்று ஊர் கூடியது. ஆசிரியை அக்கா ஒரு பக்கம், வணிகத் தம்பி ஒரு பக்கம். முடிவு துருத்திக்காரரின் கையில், ஏனென்றால் அவர் ஊதினால்தான் இரும்பு. நாகப்பட்டினத்துக்கு இரும்பு கொடுக்கலாமா என்று கேட்டபோது, "எனக்கு அந்த ஊர்ல... யாரு இருக்கா? கொடுத்தா என்ன?" என்றார் ஐயா. தம்பி கப்பலேறிய காலையை நெருப்புக்குக் கொடுத்துவிட்டவர் அல்லவா? தம்பி என்று ஒருவன் இருந்தது தெரியும், அவன் எங்கே போனான் என்பது தெரியாது. மற்ற நால்வருக்கும் தெரியும்.

அப்போதுதான் கூலிம் தம்பி வாய் திறந்தான். தண்ணீர் பிடித்த படகொன்றில், துருத்திக்காரரின் முகச்சாயலோடு ஒருவனைப் பார்த்தேன் என்றான். இது நான் கொடுத்த செய்தி இல்லை. அவனாகவே செய்தது. ஷிப்டில் நிற்கும்போது யோசித்தானாம்.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, நிறுத்தினேன். நிறுத்திய பிறகும் யாரும் இணைப்பை விட்டுப் போகவில்லை. அசலை மறக்க மாட்டேன் என்று முதல் நாளே சொன்ன அக்கா, கடனைப் பற்றி அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் பெயரைச் சொல்லாமல் கடனை மட்டும் கேட்டுப் பாருங்கள் என்றாள் லுனாஸ் தங்கை. வணிகத் தம்பிக்கு அதில் உடன்பாடில்லை, உண்மையை முழுசாகச் சொல்லிவிட்டே விற்பனை பேசலாம் என்கிறான். ஐயா சிரித்துக்கொண்டே, "எனக்கு எதுவும் தெரியாதும்மா, நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் வெளியே போறேன்" என்று முதல் ஆளாக இணைப்பைத் துண்டித்தார். அடுத்த வெள்ளி ஒன்பதரைக்கு அக்காவின் வீட்டு வாசலில் காட்சி தொடங்கும்.